இரண்டாவது பிரசவத்துக்கு அரைப் பாட்டில் ஒலிவ எண்ணெய்

எந்த வேலையையும் பாதியில் நிறுத்தத் தெரியாதவள் நான். சாப்பாடானாலும் சண்டையானாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை. கல்லூரிக் காலத்தில் கபடி ஆடியவள். பாடிப் போனால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்பமாட்டேன் என்று அப்போது எனக்கொரு பெயர் இருந்தது. அந்தத் திமிரையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் முதல் பிரசவத்துக்குப் போய்ப் படுத்தேன்.

தலை தெரிகிற நேரம் வந்ததும் அங்கிருந்த நர்ஸ் முக்குவதை நிறுத்தச் சொன்னாள். வாயைத் திறந்து ஊது, ஊது என்றாள். என் தலைமாட்டில் நின்ற அம்மாவோ, முக்குளா, முக்கு என்று கத்திக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் நான் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு எந்தக் கிறுக்கியாவது ஓட்டத்தை நிறுத்துவாளா? இருந்த மூச்சையெல்லாம் அடக்கி ஒரே முக்கு. மகள் வந்துவிட்டாள். அவளோடு சேர்ந்து என் சதையும் கிழிந்தது, மலவாயை இறுக்கிப் பிடித்திருக்கிற தசை வரைக்கும். வேறொரு அறைக்குக் கொண்டுபோய் முதுகில் ஊசி போட்டு வெகுநேரம் தைத்தார்கள்.

அந்த இடத்துக்கு டாக்டர்கள் பெரினியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. ‘அங்கன’ என்போம். அங்கன வலிக்கா, அங்கன தையல் காஞ்சிட்டா, அங்கன வெந்நி ஊத்துனியா. பிள்ளையைப் பார்க்க நாசரேத்திலிருந்து வந்த சொந்தக்காரிகள் எல்லோருக்கும் ‘அங்கன’ என்றால் போதுமாக இருந்தது. மேற்கொண்டு ஒருத்தியும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு மாதம் ஒரு பக்கப் பிட்டியில் மட்டும் உட்கார்ந்து, பால் கொடுத்து, பார்க்க வந்தவர்களிடம் சுகமாயிருக்கேன் என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

தையல் ஆறியது. ஆனால் காற்று நிற்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை. வயிற்றில் சேர்கிற காற்றை அடக்குவது என்பது மனுஷனுக்குக் கடவுள் கொடுத்த எவ்வளவு பெரிய வசதி என்று அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விடுப்பு முடிந்து பள்ளிக்கூடம் போன முதல் வாரம், காலை வழிபாட்டில் எல்லோரும் கண்ணை மூடி அமைதியாய் நிற்கும்போது, என் பின்னாலிருந்து ஒரு சத்தம். தலைமையாசிரியை கண்ணைத் திறந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று திரும்பி, வரிசையில் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை முறைத்தேன். அது பேந்தப் பேந்த விழித்தது. பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குச் சம்பளம் கொடுப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நேர்மையோடு விளையாடக் கற்றுக்கொடுப்பதற்காக.

அதற்குப் பிறகு நான் மைதானத்தில் குதிப்பதில்லை, ஓடுவதில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு விசிலோடு உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றேன். ஆளாளுக்கு மருந்து சொன்னார்கள். சத்துணவு சமைக்கிற அக்கா வாரம் ஒரு தூக்குவாளி நிறைய பிரண்டைத் துவையல் அரைத்துக் கொண்டுவந்து தருவாள். கல்லுப்போல இருக்கிற மூட்டுக்கு மூன்று வருஷம் பிரண்டை தின்ற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

மறுபடி குளிக்காமலிருந்து இரண்டு கோடு தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் மக்ரூன் வாங்கி வந்தார். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிள்ளை வேண்டாமென்று இல்லை. மறுபடியும் கிழிந்தால் என்ன ஆகும் என்ற பயம். இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மா நன்றாகச் சோதித்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, தசை ஒழுங்காக ஒட்டியிருக்கிறது என்றார். சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாம், பயமாயிருந்தால் ஆபரேஷனும் செய்துகொள்ளலாம், இரண்டும் தப்பில்லை, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஆனால் அதே இடம் மறுபடி கிழிந்தால் தொல்லை காற்றோடு நிற்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். காற்றோடு நிற்காது என்றால் அடுத்து என்ன என்று எனக்கு விளங்கியது. மைதானம், பள்ளிக்கூடம், வேலை எல்லாமே அத்தோடு முடிந்தது என்று அர்த்தம்.

புத்தியுள்ளவள் ஆபரேஷன் என்றிருப்பாள். தோற்ற மைதானத்திலேயே ஜெயிக்கவேண்டும் என்கிற கிறுக்கு எனக்கு. பிள்ளைப்பேற்று வார்டில் பொறுப்பாக இருந்த கயத்தாறுக்கார நர்ஸிடம் போய் உட்கார்ந்து, முதலில் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியை அரைமணி நேரம் வைதேன். அவள் பொறுமையாய்க் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“தலை தெரியும்போது ஒங்கள யாரு டீச்சர் முக்கச் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை, அம்மாவைத் தவிர. அங்கிருந்த நர்ஸ் நிறுத்தத்தான் சொன்னாள். நாலு வருஷமாய் ஊரெல்லாம் அந்த ஆஸ்பத்திரியைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்த நான், சரி, இந்தத் தடவை என்ன செய்யவேண்டும் சொல்லுங்கள் என்றேன்.

அவள் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுத்துப் பெறலாம். தலை இறங்கும்போது வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்து ஒத்தடம் கொடுப்பாள், கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வாள். கடைசியில் முக்காமல் ஊதினால் பிள்ளை தன்பாட்டுக்கு மெள்ள வரும், சதைக்கு விரிந்துகொடுக்க நேரம் கிடைக்கும். அதற்கு முன்னால், முப்பத்து நாலு வாரத்துக்குப் பிறகு, வாரத்தில் மூன்று நாலு நாள், வாசனை சேர்க்காத எண்ணெயைத் தொட்டுப் பெருவிரலால் உள்ளே கீழ்ப்பக்கமாய் மெள்ள அழுத்தி ஐந்து நிமிஷம் நீவிவிடவேண்டும். தேங்காயெண்ணெயோ ஒலிவ எண்ணெயோ எதுவானாலும் சரி. நீவினால் கிழியாது என்று அவள் சத்தியம் பண்ணவில்லை. முதல் பிள்ளைக்குத்தான் இதில் பலன் கூட, ஆனால் சதை இழுபடும்போது வருகிற எரிச்சல் பழகிவிடும், பயந்துபோய் முக்கமாட்டிய என்றாள்.

வாரத்தில் மூன்று நாள் என்று அவள் சொன்னால் நான் தினமும் செய்தேன். பாதியில் நிற்கிற ஆளா நான். ஆனால் எட்டாவது மாத வயிற்றைத் தாண்டி கை எட்டவேண்டுமே. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்குத் துறைமுகத்தில் டக் படகில் வேலை. பெரிய பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்தும் முட்டுக்கொடுத்தும் தளத்தில் சேர்க்கிற ஆள். நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, வந்து நின்றவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இரண்டு நிமிஷத்தில் காற்றாடியைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒரு முக்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்து நானே சமாளித்தேன். முக்காமல் இருக்கப் பழகவேண்டும் என்று நான் புலம்பியபோது மட்டும் அவர் உருப்படியாய் ஒன்று சொன்னார். கப்பல் அத்தனை கடலையும் தாண்டி வந்துவிடும், கடைசிப் பத்தடிக்குத்தான் அவ்வளவு நேரமும் என்றார். நான் என்ன உங்களுக்குச் சரக்குக் கப்பலா என்று ஏறி விழுந்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டை அவர் தனியாகச் சாப்பிட்டார்.

எண்ணெய்ப் பஞ்சாயத்து அதற்கப்புறம்தான் வந்தது. நான் பேறுகாலத்துக்கு அம்மாவீட்டுக்கு, நாசரேத்துக்குப் போயிருந்தேன். அங்கே பீரோவில், வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் ஒலிவ எண்ணெய் உண்டு. எருசலேமுக்கு யாத்திரை போன சித்தி கொண்டுவந்தது. எங்கள் சபை ஐயர், எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்லுவோம், அதைக் கையில் வாங்கி ஜெபித்துக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் வந்தால் அம்மா அதில் ஒரு சொட்டு தொட்டு நெற்றியில் சிலுவை போடுவாள். அந்த வீட்டுத் தேங்காயெண்ணெயும் வாசனை போட்டது. வாசனை சேர்க்காத எண்ணெய் என்று நான் தேடினபோது, சுத்தமான ஒலிவ எண்ணெய், சமையலுக்கு உகந்தது என்று சிறு எழுத்தில் போட்டிருந்தது அந்தப் பாட்டில் ஒன்றில்தான். கடைக்குப் போய் வாங்கியிருக்கலாம். சோம்பல். கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக்கொள்வேன், பாட்டிலுக்குள் விரல் விட்டதில்லை, சத்தியமாய்.

மூன்று வாரத்தில் பாட்டில் பாதியாய்ப் போயிற்று. அம்மா அதைக் கவனித்தாள். கவனித்து, பூரித்துப் போனாள். சாப்பாட்டுக்குக்கூட ஜெபம் பண்ணாத மகள், தினமும் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் பூசி ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அத்தோடு விட்டாளா? புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். பத்திருபது பேர் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, அம்மா அந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள்.

எழுந்து நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. தினமும் செய்கிறேன், செய்யச் செய்யப் பயம் குறைகிறது என்றேன். அதில் பொய் ஒரு சொல் கிடையாது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா விடவில்லை.

“எங்கன பூசுத?”

“தேவைப்படுற எடத்துல, பெரியம்மா.”

ஆமென் என்றார்கள். பெரியம்மா தன் முழங்காலை நீட்டி, அந்தக் கையாலேயே ஒரு சொட்டு தடவிவிடச் சொன்னாள். தடவினேன். மறுவாரம் வலி பாதியாய்க் குறைந்துவிட்டது என்று அவளும் சாட்சி சொன்னாளாம்.

வலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். தூத்துக்குடிக்குக் காரில் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. கயத்தாறுக்கார நர்ஸ் வேலையில் இருந்தாள். உயிர் வந்தது. கூட ஒரு பொம்பளை ஆள் நிற்கலாம் என்றதும் அம்மா உள்ளே வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததுமே நர்ஸ் கறாராய்ச் சொல்லிவிட்டாள். முக்கு என்ற வார்த்தை உங்கள் வாயில் வரக்கூடாது, ஊது என்று மட்டும்தான் சொல்லலாம், கை சும்மா இருக்கவேண்டாம், இந்தத் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து பிழிந்து என்னிடம் கொடுங்கள் என்று ஒரு தட்டை முன்னால் வைத்தாள். பிறகு என்னைச் சோதித்துக்கொண்டே, எண்ணெய் ஒழுங்காய்த் தேய்த்தியளா டீச்சர் என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

“ஒரு நாள் விடாம பூசுனா சிஸ்டர். நெத்தியில.”

“நெத்தியிலயா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நர்ஸின் கை இருக்கிற இடத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வலி வந்தது. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாய் ஒரு வலியை நான் வரவேற்றதில்லை. அது அடங்கிக் கண்ணைத் திறந்தபோது அம்மா துணியை வெந்நீரில் முக்கி, என் கழுத்தை நினைத்துக்கொண்டு பிழிவதுபோல் பிழிந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் வாக்கில் தலை தெரிந்தது. நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். அம்மா துணி கொடுக்க, நர்ஸ் வாங்கி வாங்கி வைத்தாள். அந்தச் சூடு எவ்வளவு இதமாயிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. போதும் டீச்சர், இனி முக்காதிய, ஊதுங்க என்றாள். ஊதினேன். ஒரு ஊது, இரண்டு ஊது, மூன்றாவது ஊதில் மூச்சு தானாக நெஞ்சில் அடைத்துக்கொண்டு முக்கலாய் மாறிவிட்டது. ஏ, வேண்டாம், வேண்டாம் என்று நர்ஸின் குரல் உயர்ந்தது. நெருப்பாய் எரிந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய அதே எரிச்சல், அதே இடம். உடம்பு முழுக்க முக்கு முக்கு என்கிறது. இப்போது விட்டால் இனி எனக்கு மைதானம் கிடையாது என்று தெரிகிறது. தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை.

எங்கிருந்து வந்ததோ, வாய் தானாய்த் திறந்துகொண்டது. கபடி கபடி கபடி கபடி கபடி.

கபடி பாடுகிறவள் மூச்சை அடக்க முடியாது. பாட்டு விட்டுப்போனால் ஆட்டம் போச்சு. மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்கவேண்டும், மூச்சு வெளியே போகிறவளால் முக்க முடியாது. இதையெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. வெட்கமில்லாமல் பாடினேன். டாக்டரம்மா என்ன ஏது என்று ஓடிவந்து நின்றார். அடுத்த அறையில் வலியோடு கிடந்த பெண் முனகலை நிறுத்திவிட்டாள். நர்ஸுக்கு மட்டும் சட்டென்று பிடிபட்டது. விடாதிய, பாடுங்க, பாடுங்க என்று தாங்கின கையை எடுக்காமல் சொன்னாள். அம்மாவும் ஊது என்பதை மறந்து, பாடுளா, பாடு என்றாள். ஒரு மூச்சு பாடி, இழுத்து, மறு மூச்சு பாடி, ஐந்தாவதோ ஆறாவதோ மூச்சில் தலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மற்றதெல்லாம் மீன் நழுவுகிற மாதிரி நழுவி வந்துவிட்டது. மகன். மூணே கால் கிலோ.

நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. நர்ஸின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விளக்கைத் திருப்பி, நிதானமாய்ப் பார்த்தாள். டாக்டரம்மாவும் விரலால் சோதித்தார். எனக்கு அந்த இரண்டு நிமிஷம் இரண்டு வருஷம். தோல்ல ஒரு கீறல்தான் டீச்சர், ஒரே ஒரு தையல், தசையெல்லாம் அப்படியே இருக்கு என்றாள் நர்ஸ். அதன் பிறகுதான் பிள்ளையைக் கையில் வாங்கினேன். பெற்றவள் லட்சணம் அப்படி.

சாயங்காலம் வார்டுக்கு அவள் வந்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நின்று, எனக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னாள். அந்த இடத்துத் தசையை இறுக்கி இறுக்கி விடுகிற பயிற்சியை நாளையிலிருந்தே தொடங்கவேண்டும். பழைய தொல்லைக்கும் அதுதான் முதல் வைத்தியம். அதில் தீராவிட்டால் மேற்கொண்டு செய்வதற்கும் வழி உண்டு. காற்று நிற்கவில்லை, தும்மினால் மூத்திரம் சிந்துகிறது, வெளிக்கி அடக்க முடியவில்லை என்றெல்லாம் எத்தனையோ பேர் வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்து வைக்கிறார்கள், அப்படி மறைக்காதிய என்றாள். நான் மூன்று வருஷம் பிரண்டை தின்ற கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டுக் கிளம்பினாள்.

அம்மா ஜன்னலோரம் நின்று பிள்ளைத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் விஷயத்துக்கு இன்னும் வைது தீர்க்கவில்லை, இப்போது தொடங்குவாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். வாசல் வரைக்கும் போய்விட்ட நர்ஸை, சிஸ்டர் என்று கூப்பிட்டாள். சத்தமே இல்லாத ஒரு குரல்.

“முப்பத்தி நாலு வருசம் ஆனதயும் பாப்பாவளா?”

நர்ஸ் திரும்பி வந்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, பார்ப்பாங்க, திங்கட்கிழமை நான் இருப்பேன், நேரா எங்கிட்ட வந்திருங்க என்று மெள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. வீட்டில் நான் ஒரே பிள்ளை.

பஸ் ஏறுகிற நாளில் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். வாந்தி வரும் என்பாள். கல்யாண வீடுகளுக்கு வந்தால் பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுவாள். எருசலேமுக்கு அவள் பெயரில்தான் முதலில் சீட்டுப் போட்டார்கள், கடைசி நேரத்தில் சித்தியை அனுப்பிவிட்டாள். விமானத்துக்குப் பயந்தாங்கொள்ளி என்று நான் அவளை எத்தனை பேர் முன்னால் கேலி பண்ணியிருக்கிறேன். என் உடம்புக்கு வந்ததும் உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் என்று நாலு வருஷம் புழுங்கினவள், பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? முதல் பிரசவத்தில் என் தலைமாட்டில் நின்று முக்கு முக்கு என்று கத்திய இந்த மனுஷிதான் இன்றைக்கு மூன்று மணிநேரம் எனக்குத் துணி பிழிந்து கொடுத்தாள். அவளுக்கு ஒருத்தியும் கொடுத்ததில்லை.

“ஏம்மா சொல்லல?” என்றேன்.

“யாருட்ட சொல்ல? ஒனக்கு ஒண்ணும் ஆவல்லலா, அது போதும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியாமல் விம்மி விம்மி அழுதேன், மடியில் பிள்ளையும் சேர்ந்து குலுங்கியது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“அழாதளா. அங்கன தையல் பிரிஞ்சிரப் போவுது.”